தகடூர் மண்ணில் ஆங்கிலப் பேச்சுக்கலை



தருமபுரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு மாணவரைக் கேட்டால் ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்ற மூன்று கிரேக்கச் சொற்களைச் சட்டென்று சொல்லிவிடுவார். பேசுபவர்மீது வரும் நம்பிக்கை, கேட்பவருக்குள் எழும் உணர்ச்சி, முன்வைக்கப்படும் காரணம் என்று விளக்கமும் தருவார். அனாஃபரா, ஆன்டிதீசிஸ், ஐரனி என அணிகளின் பட்டியலும் அவருக்கு மனப்பாடம். அன்றைய செய்தித்தாளின் ஆங்கிலத் தலையங்கத்தைக் கையில் கொடுத்து, இது உங்களை எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்படி இழுக்கிறது என்று கேட்டால் மட்டும் தயங்குவார்.

பெயர் தெரியும், அந்தப் பெயருக்குரிய வேலை தெரியாது. அணியைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுவதோடு பாடம் நின்றுவிடுவதால் வரும் குறை இது. யார், யாரிடம், எந்த நெருக்கடியில், எதைப் பெறுவதற்காக அப்படிச் சொன்னார் என்ற கேள்வி வகுப்பறைக்குள் வரவேண்டும். அது வராதவரை பேச்சுக்கலை பிடிபடாது என்பதே இந்த உரையின் வாதம். இன்றைய தருமபுரியான சங்க காலத் தகடூரிலிருந்து 1925ஆம் ஆண்டின் பாப்பாரப்பட்டி வரை இதற்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் இந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றன. சொல்லை நம்பிப் பகைவன் அரண்மனைக்குள் நுழைந்தவர், சொல்லால் ஓர் அரசின் கொள்கையைத் திருப்ப முயன்றவர், சொல்லுக்காகச் சிறை சென்றவர் என மூவரும் இந்த மண்ணோடு தொடர்புடையவர்கள்.

படைக்கலக் கொட்டிலில் ஒரு தூது

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்ட காலத்தில் தொண்டைமான் என்ற மன்னனோடு பகை மூண்டது. அதியமான் சார்பில் புலவர் ஔவையார் தூது போனார். புறநானூற்றின் 95ஆம் பாடலும், பாட்டின் அடியில் உள்ள குறிப்பும் அந்தச் சந்திப்பைப் பதிவு செய்திருக்கின்றன. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். வாயால் அவன் எதுவும் சொன்னதாகக் குறிப்பு இல்லை. ஆயுதங்களே தன் சார்பில் பேசட்டும் என்பது அவன் எண்ணம்.

ஔவையாரின் பதில் பாராட்டில் தொடங்குகிறது. இங்கே இருக்கும் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த பெரிய மனையில் இருக்கின்றன. அங்கே எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போதும் கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன. பாட்டின் பொருள் இவ்வளவுதான். முடிவில் அந்தத் தலைவன் எப்படிப்பட்டவன் என்று சில சொற்கள் வருகின்றன. இருந்தால் எல்லோருக்கும் கொடுப்பான், இல்லாவிட்டால் எல்லோரோடும் பகிர்ந்து உண்பான்.

ஆங்கில வகுப்பில் இதை ஐரனி என்று சொல்லலாம், தமிழ் வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லலாம். இங்கே, அங்கே என்று இரண்டு காட்சிகளை எதிரெதிரே நிறுத்தும் ஆன்டிதீசிஸும் இருக்கிறது. ஆனால் பெயரிட்டதும் வாசிப்பு முடிந்துவிடுவதில்லை. ஒரு பெண், ஆயுதம் இல்லாமல், பகை அரசனின் ஆயுதங்களுக்கு நடுவே நிற்கிறார். உன் படை போர் காணாதது என்று நேராகச் சொன்னால் தூது அங்கேயே முறியும். அஞ்சி வாயடைத்து நின்றாலும் தூது தோற்கும். இந்த இரண்டு வழிகளும் அடைபட்ட இடத்தில் மூன்றாவது வழியாக வந்தது அந்த அணி. தொண்டைமான் கோபப்படவேண்டுமானால், தன் ஆயுதங்கள் புதியவை என்று தானே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாராட்டை ஏற்றுக்கொண்டாலும் உண்மை உறுத்தும்.

கடைசி வரிகளின் வேலையும் கவனிக்கத்தக்கது. ஆயுதங்களைப் பற்றிய ஒப்பீடு தொண்டைமானின் அறிவோடு பேசுகிறது. அதியமானின் கொடையைப் பற்றிய பேச்சு வேறொரு செய்தியைச் சொல்கிறது. பகிர்ந்து உண்ணும் தலைவனுக்காக உயிரைக் கொடுக்க மக்கள் இருப்பார்கள் என்பது அந்தச் செய்தி. காரணம், அச்சம், தலைவன்மீது மதிப்பு ஆகிய மூன்றும் ஒரு சிறு பாட்டுக்குள் அடங்கிவிட்டன.

மூன்று வழிகள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதிய ‘ரெட்டரிக்’ நூல் மேற்சொன்ன மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. பேசுபவரின் குணத்தை நம்பி ஒத்துக்கொள்வது ஈதோஸ். மனம் கலங்கியோ, கொதித்தோ, இரங்கியோ ஒத்துக்கொள்வது பேதோஸ். வாதம் சரியாக இருப்பதால் ஒத்துக்கொள்வது லோகோஸ். அந்த நூலின் இரண்டாம் பகுதியில் சினம், அச்சம், இரக்கம் ஆகிய உணர்ச்சிகள் யாருக்கு, எப்போது, எதனால் வருகின்றன என்று அவர் விரிவாக ஆராய்கிறார். இளைஞர் எதற்கு மசிவார், முதியவர் எதற்கு மசிவார் என்றுகூடப் பிரித்துப் பார்க்கிறார். கேட்பவரை அறியாமல் பேச்சு இல்லை என்பது அவருடைய அடிப்படை.

இதே அக்கறைக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. 72ஆம் அதிகாரம் அவையறிதல். அதை அடுத்து அவையஞ்சாமை. அவற்றுக்கு முன்பே 65இல் சொல்வன்மையும் 69இல் தூதும் வந்துவிடுகின்றன. அணிகளும் இங்கே புதியவை அல்ல. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் அது சொற்பொருள் பின்வருநிலையணி என்று தமிழ்ப் பாடத்தில் பள்ளி மாணவர்கள் படித்துவிடுகிறார்கள். ஆங்கில வகுப்பின் அனாஃபரா அதற்கு நெருங்கிய உறவு. வாக்கியத்தின் தொடக்கத்தில் அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வருவது அது.

1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் ஆற்றிய உரை அனாஃபராவுக்குப் பல பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு. டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 வீரர்கள் மீட்கப்பட்ட வேளை அது. பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்தது. போரிடுவோம், போரிடுவோம் என்று அவர் அடுக்கியதை எல்லோரும் அறிவார்கள். அந்த அடுக்கில் வரும் இடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. முதலில் பிரான்ஸ், பிறகு கடல், வானம், பிறகு கடற்கரை, இறங்குதளம், வயலும் தெருவும், கடைசியில் மலை. எதிரி நாட்டுக்குள்ளே முன்னேறி வருவதை அந்த வரிசையே ஒப்புக்கொள்கிறது. இடம் பின்வாங்குகிறது, வினைச்சொல் பின்வாங்கவில்லை. தோல்வி நேரலாம் என்ற உண்மையை மறைக்காமலே துணிவைக் கொடுத்தது அந்த அமைப்பு. அங்கே அனாஃபரா செய்த வேலை இதுதான்.

தருமபுரியில் வாழ்ந்த ஓர் ஆங்கில எழுத்தாளர்

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். தருமபுரியில் அவருக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. தோட்டத்தைப் பற்றி வீட்டாருக்கு ஆசையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். கிராமம் கிராமமாகச் சுற்றி, குடியானவர்களோடு பேசி, நிலத்தை அளந்து வரி விதித்த அனுபவம் அவருக்கு இங்கேதான் தொடங்கியது. 1820இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார்.

1824 டிசம்பர் 31 அன்று அவர் எழுதிய நீண்ட அரசுக் குறிப்பு, ஆங்கில உரைநடையில் மனத்தை மாற்றும் எழுத்துக்கு ஒரு தலைசிறந்த சான்று. உயர் பதவிகளில் இந்தியர்களை அமர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். அதைப் படிக்கப்போவது லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள். இந்தியர்கள் நேர்மையற்றவர்கள், பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள் என்று நம்பியவர்கள் அவர்களிடையே நிறைய இருந்தார்கள்.

மன்றோ அந்த நம்பிக்கையை நேராக மறுத்துக்கொண்டிருக்கவில்லை. படிப்பவரின் சொந்த நாட்டை அந்த நிலையில் நிறுத்தினார். பிரிட்டன் நாளைக்கே அந்நியருக்கு அடிமைப்படட்டும், அதன் மக்கள் ஆட்சியிலிருந்து விலக்கப்படட்டும், மதிப்பும் பதவியும் அவர்களுக்கு மறுக்கப்படட்டும், நம்பத் தகாதவர்கள் என்றே எங்கும் நடத்தப்படட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர்களுடைய எல்லா அறிவும் எல்லா இலக்கியமும் சேர்ந்தாலும், ஓரிரு தலைமுறைக்குள் அவர்கள் வஞ்சகமும் தாழ்வும் கொண்ட இனமாக மாறுவதைத் தடுக்க முடியாது என்று முடித்தார்.

ஒவ்வொரு ‘படட்டும்’ என்ற சொல்லோடும் லண்டனில் இருப்பவரின் நாற்காலி ஒன்று பறிபோகிறது. குணக்கேடு என்று நீங்கள் நினைப்பது இனத்தின் இயல்பு அல்ல, அடிமைத்தனத்தின் விளைவு என்ற முடிவுக்குப் படிப்பவர் தாமே வந்து சேர்கிறார். வாதம் லோகோஸ். அது பயணம் செய்யும் வழி, தன் நாட்டுக்கு நேர்ந்தால் என்ன என்ற பதைப்பு. பாராமகால் உட்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவை நேரில் கண்டவர் எழுதுகிறார் என்ற ஈதோஸ் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு நாட்டு மக்கள் எல்லோரையும் இப்படித் தாழ்த்துவதைவிட ஆங்கிலேயர் இந்த நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவதே மேல் என்றும் அதே குறிப்பில் எழுதினார்.

இங்கே மாணவர்கள் இன்னொரு குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1822 ஏப்ரலில் இதே மன்றோ, இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம் கூடாது என்று எழுதினார். சுதந்திரப் பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக நெடுநாள் வாழ முடியாது என்பது அவர் வாதம். அந்நிய நுகத்திலிருந்து நாட்டை விடுவிப்பதே சுதந்திரப் பத்திரிகையின் முதல் கடமையாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆகவே அதை அனுமதிக்கக் கூடாது என்றார். அதே தெளிவு, அதே முரண் அமைப்பு, அதே களஅனுபவத்தின் கனம். ஒன்று இந்தியருக்குக் கதவைத் திறக்கச் சொன்னது, மற்றொன்று அவர்கள் வாயை மூடச் சொன்னது. நல்ல நடை நல்ல முடிவுக்கு உத்தரவாதம் தருவதில்லை. வாக்கியத்தின் அழகில் மனம் இளகும்போதே, அந்த வாக்கியம் என்ன கேட்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.

உணர்ச்சி குற்றமான காலம்

பென்னாகரம் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு சேர்ந்து கடற்கரைக் கூட்டங்களில் பேசினார். அதற்கு முந்தைய தலைமுறையின் அரசியல் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களின் மண்டபங்களுக்குள் அடங்கியிருந்தது. சிவாவின் அவை வேறு. ஆலைத் தொழிலாளர்கள், வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள் வெட்டவெளியில் தமிழில் கேட்டார்கள்.

அந்தப் பேச்சு என்ன செய்தது என்பதற்குக் கண்ணால் காணும் விளைவு உண்டு. பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் முதல் வாரம் தாண்டுவதற்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது. நாட்டு விடுதலை என்ற பெரிய சொல்லையும் கூலி என்ற நெருக்கமான சொல்லையும் ஒரே மேடையில் இணைத்ததே அந்தப் பேச்சாளர்களின் திறம். கேட்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து அவரை அழைத்துப் போனார்கள்.

மார்ச் 9 அன்று விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடிய சில நாட்களுக்குள், 12ஆம் தேதி, சிவாவும் வ.உ.சி.யும் கைது செய்யப்பட்டார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு பாய்ந்தது. நீதிபதி பின்ஹே ஜூலையில் தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல், வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன.

பேச்சுக்கலை படிக்கும் மாணவர்கள் 124-ஏ பிரிவை ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். 1870இல் சேர்க்கப்பட்டு 1898இல் விரிவாக்கப்பட்ட பிரிவு அது. அரசின்மீது வெறுப்பையோ, அவமதிப்பையோ, விசுவாசமின்மையையோ எழுப்புவது அல்லது எழுப்ப முயல்வது குற்றம் என்றது. வன்முறை நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. பேச்சாளர் கேட்பவரின் மனத்தில் எழுப்ப முயன்ற உணர்ச்சியையே அது தேடியது. அரிஸ்டாட்டில் பேதோஸ் என்று பெயரிட்டதை ஏகாதிபத்தியம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தூத்துக்குடி மணலில் தமிழில் பேசப்பட்டவை ஆங்கில ஆவணங்களாகி, எந்த வாக்கியம் எந்த உணர்ச்சியைத் தூண்டும் என்று வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் வரிவரியாக வாதாடினார்கள். ஆங்கிலத்தில் ரெட்டரிக் ஆராய்ச்சி ஒரு மனிதரின் ஆண்டுகளைத் தீர்மானித்த இடம் அந்த நீதிமன்றம்.

சிறை சிவாவுக்குத் தொழுநோயைக் கொடுத்தது. 1912இல் வெளியே வந்தார். ‘ஞானபாநு’ இதழை நடத்தினார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அவருக்குத் தடை விதிக்கப்பட்டபோது நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா பாப்பாரப்பட்டியில் காலமானார். வயது 40. ஈதோஸ் என்பதை விளக்க இதைவிடச் சிறந்த வாழ்க்கையை எந்தப் பாடநூலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நோயோடு நடந்து வந்து நிற்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அவையின் பாதி மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அதே பிரிவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பதில்

சிவாவைச் சிறைக்கு அனுப்பிய பிரிவு 14 ஆண்டுகளுக்குப் பிறகு காந்தியின்மீது பாய்ந்தது. ‘யங் இந்தியா’வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் விசாரணை நடந்தது. நீதிபதி புரூம்ஃபீல்டு. காந்தி அங்கே படித்த ஆங்கில வாக்குமூலம், வாதத்தை வரிசைப்படுத்துவது எப்படி என்பதற்கு முழுமையான பாடம்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவையின் கையில் அதன்பிறகு எதிர்க்க ஒன்றும் இல்லை. அடுத்ததாகத் தன் கடந்த காலத்தைச் சொன்னார். போயர் போரில் பிரிட்டனுக்காக மருத்துவப் பணி, 1906இல் ஜூலு கலகத்தின்போது மீண்டும் அதே பணி, அதற்காகக் கிடைத்த பதக்கங்கள். இந்த அரசுக்கு இவ்வளவு உண்மையாக இருந்த ஒருவன் ஏன் மாறினான் என்ற கேள்வியைக் கேட்பவர் மனத்தில் விதைத்தார். ஈதோஸை நிறுவிய பிறகே லோகோஸுக்கு வந்தார். ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக், கிராமங்களின் வறுமை என்று காரணங்களை அடுக்கினார். அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்று 124-ஏ பிரிவின் வேரில் கைவைத்தார்.

முடிவில் நீதிபதிக்கு இரண்டே வழிகளைக் காட்டினார். இந்தச் சட்டம் தீயது என்று நினைத்தால் பதவி விலகுங்கள், நல்லது என்று நினைத்தால் அதிகபட்சத் தண்டனை கொடுங்கள். ஆன்டிதீசிஸ் இங்கே அலங்காரமாக நிற்கவில்லை. நடுவில் ஒதுங்க இடமில்லாமல் நீதிபதியை நிறுத்துகிறது. புரூம்ஃபீல்டு மிகுந்த மரியாதையோடு பேசி, திலகருக்கு முன்பு விதிக்கப்பட்ட அதே ஆறாண்டுத் தண்டனையை விதித்தார். வழக்கில் காந்தி தோற்றார். அவர் முன்னே வைத்த அவை நீதிமன்றத்தைவிடப் பெரியது, அது அவருக்கு முன்பே இசைந்திருந்தது.

காந்தி சிறையில் இருந்தபோது ‘யங் இந்தியா’வின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர்களில் ராஜாஜியும் ஒருவர். அவர் பிறந்த தொரப்பள்ளி, 1965இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதற்குள் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்த பிறகு அந்த மாவட்டத்தில் இருக்கிறது. ராஜாஜியின் ஆங்கிலத்தில் சிறிய வாக்கியங்களும் நேரான வாதமும்தான் முன்னால் நிற்கும். அணி குறைந்த நடையும் மனத்தை மாற்றும் என்பதற்கு அவருடைய கட்டுரைகள் சான்று.

மாநிலங்களவையில் அண்ணா

1962இல் மாநிலங்களவைக்குப் போன அண்ணா தன் முதல் உரையை ஆங்கிலத்தில் ஆற்றினார். திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்றார். அவையில் பெரும்பான்மையோர் அந்தக் குரலைப் பிரிவினையாகக் கேட்கக் காத்திருந்தார்கள். அடுத்த மூச்சிலேயே, இதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ எதிரானவன் என்று பொருள் இல்லை என்றார். மனிதன் எப்படியானாலும் மனிதன்தான் என்ற பொருளில் ராபர்ட் பர்ன்ஸின் ஒரு வரியையும் எடுத்துக் காட்டினார்.

எதிராளியின் ஆட்சேபம் எழும் முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடும் உத்தி இது. பர்ன்ஸைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் ஸ்காட்லாந்துக் கவிஞர். தன் நாட்டின் அடையாளத்தைப் பெருமையோடு பாடியவர், உலக மனிதனையும் பாடியவர். தன்மானமும் மனித ஒருமையும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதற்கு அண்ணா விளக்கம் சொல்லவில்லை. சான்றாக ஒரு கவிஞரை அவைக்கு அழைத்துவந்தார்.

பெரும்பான்மையினர் பேசுவதால் இந்தி ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு அண்ணா சொன்ன பதிலாகத் தமிழ்நாட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மயில், காக்கை உவமை. எண்ணிக்கைதான் அளவு என்றால் தேசியப் பறவையாக மயிலை ஏன் தேர்ந்தெடுத்தோம், காக்கை அல்லவா அதிகம்? இந்த உவமையை மாணவர்கள் ரசிப்பதோடு சோதிக்கவும் வேண்டும். பறவை ஒரு சின்னம், மொழி ஒரு கருவி, இரண்டும் ஒன்றா என்று எதிரணி கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அண்ணா மறுத்தது ஒரே ஒரு கூற்றை. எண்ணிக்கை அதிகம் என்பது மட்டுமே தேர்வுக்குப் போதுமான காரணம் என்பது அந்தக் கூற்று. அதை வீழ்த்த அந்த உவமை போதும், அதற்கு மேல் போகாது. உவமை எதுவரை தாங்கும் என்று அளப்பது வாதத்தைப் படிக்கத் தெரிந்தவர்களின் பழக்கம்.

இன்றைய விளம்பரமும் நாளைய மனுவும்

இந்தத் திறன் இலக்கிய மாணவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பாலக்கோட்டிலும் அரூரிலும் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையின் கைபேசிக்கு நாள்தோறும் ஆங்கிலத்தில் வாதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ‘ஹண்ட்ரட் பர்சன்ட் பிளேஸ்மென்ட்’ என்கிறது ஒரு கல்லூரி விளம்பரம். எண் இருப்பதால் லோகோஸ் போலத் தெரிகிறது. எத்தனை பேரில் நூறு சதவீதம், எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எந்த ஆண்டு என்று கேட்டால் அந்த எண்ணுக்குள் காரணம் ஏதும் இல்லாமல் போகலாம். உடனடிக் கடன் தரும் செயலி, சலுகை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் என்று கடிகாரம் ஓட்டிக் காட்டுகிறது. யோசிக்க நேரம் கிடைத்தால் வட்டியைக் கணக்குப் பார்த்துவிடுவார்கள் என்பதால் அச்சத்தைத் தூண்டும் பேதோஸ் அது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் சத்து மாவைப் பரிந்துரைப்பது கடன் வாங்கிய ஈதோஸ்.

மூன்று கேள்விகள் போதும். இவர் யார், இவரை நம்பக் காரணம் என்ன? என்னுள் எந்த உணர்ச்சியை எழுப்பப் பார்க்கிறார், இந்த விஷயத்துக்கு அந்த உணர்ச்சி பொருத்தமா? சொல்லும் காரணம் முடிவுவரை இட்டுச்செல்கிறதா, நடுவில் எங்காவது தாவுகிறதா?

இதே கேள்விகளைத் திருப்பிப் போட்டால் எழுதும் முறை கிடைக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்குக் காரணம் இந்தப் பிரச்சினைதான். ஒரு கிராமத்து மாணவி, தன் ஊரின் கடைசித் தெருவுக்குக் காவிரி நீர் சரியாக வரவில்லை என்று ஆங்கிலத்தில் மனு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

எங்கள் துயரத்துக்கு அளவே இல்லை, தயவுகூர்ந்து கருணை காட்டுங்கள் என்று எழுதினால் படிக்கும் அதிகாரிக்குச் செய்வதற்கு ஒன்றும் கிடைக்காது. தெருவின் பெயர், எத்தனை வீடுகள், எந்த நாட்களில் தண்ணீர் வரவில்லை, ஆழ்குழாய் நீரைப் பரிசோதித்தபோது ஃபுளோரைடு எவ்வளவு இருந்தது, வரம்பு எவ்வளவு என்று எழுதினால் லோகோஸ் அமைந்துவிடும். பரிசோதனை அறிக்கையை இணைத்து, பஞ்சாயத்துத் தலைவரோடும் பள்ளித் தலைமை ஆசிரியரோடும் சேர்ந்து கையெழுத்திட்டால் ஈதோஸ் வரும். தெருவில் உள்ள சிறு பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது, அது பால்பல் அல்ல, முளைத்துவிட்ட நிரந்தரப் பல் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் பேதோஸும் வந்துவிடும். உண்மையான ஒரு விவரத்துக்குப் பின்னால் அழுகைச் சொல் எதுவும் தேவைப்படாது. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எந்தத் தொட்டியிலிருந்து, எந்தக் குழாய் வழியாக, எந்தத் தேதிக்குள்.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணிபுரிபவன் என்று மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்களுக்குப் பழகிவிட்டது. செய்த ஒரு வேலையை, எதிர்ப்பட்ட ஒரு சிக்கலை, அதைத் தீர்த்த விதத்தை நாலு வாக்கியத்தில் சொல்பவரைத்தான் நம்புவார்கள்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆங்கில ஆசிரியர்களிடம் இந்த உரை கேட்பது இது. இந்தப் பருவத்தில் மன்றோவின் இரண்டு குறிப்புகளையும், காந்தியின் 1922 வாக்குமூலத்தையும், அண்ணாவின் 1962 உரையையும் வகுப்பில் உரக்கப் படிக்க வையுங்கள். அணியைக் கண்டுபிடித்த மாணவரிடம், அந்த அணியை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தைச் சாதாரணமாக எழுதச் சொல்லுங்கள். எதை இழந்தோம் என்று அவரே சொல்லட்டும். பிறகு பட்டிமன்றம் வைத்து, தான் நம்பும் கட்சிக்கு எதிராகப் பேச ஒவ்வொருவருக்கும் ஒருமுறை வாய்ப்புக் கொடுங்கள். மன்றோவின் பத்திரிகைக் குறிப்புக்கு மறுப்பு எழுதுவதை ஒரு தேர்வுக் கேள்வியாக வையுங்கள், அதே முரண் அமைப்பை அவருக்கு எதிராகவே பயன்படுத்தி எழுதுபவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

பாப்பாரப்பட்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது 124-ஏ பிரிவின் ஒரு படியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சிவாவின் நினைவிடத்தில் அமர்ந்து அந்தப் பிரிவைப் படித்து, எந்தப் பேச்சு தண்டனைக்குரியது, எது இல்லை என்று அவர்களே வாதாடட்டும். அந்தப் பிரிவை 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததையும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 152ஆம் பிரிவு வந்திருப்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் மாறியிருக்கிறது, எந்த உணர்ச்சி விலக்கப்பட்டிருக்கிறது, எந்தச் செயல் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருவது அவர்களுடைய அடுத்த வாரத்துக்கான வேலை.